எல்லைக்கல்லில் மாப்பிள்ளை

அத்தியாயம் பதினேழு

"மாப்பிள்ளைக்குக் கால் கழுவுறது மட்டும் வேண்டாமுங்க. மத்ததெல்லாம் உங்க இஷ்டம்."

மாப்பிள்ளையின் அம்மா அமுதா நேற்று சாயங்காலம் போனில் சொன்னது இவ்வளவுதான். சொல்லிவிட்டு, கேட்டவர்கள் வாய் திறக்க இடம் கொடுக்காமல் வைத்துவிட்டார். அந்த இடத்தில்தான் போன வாரம் நாம் பிரிந்தோம். நீங்கள் எப்படித் தூங்கினீர்களோ தெரியாது. நாகலூரில் அங்கப்பன் வீட்டில் ஒருவரும் சரியாகத் தூங்கவில்லை.

இந்த வாரம்தான் முதன்முதலாகப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கப்பனுக்குக் காப்பியும் மிளகும் கொஞ்சம் சாமையும் விளைகிற மலைக்காடு இருக்கிறது. மகள் மேனகாவுக்கு ஏற்காடு டவுனில் காப்பித்தூள் கடையில் வேலை. கடைக்கு அடுத்த கதவு கோவிந்தராஜின் ஓட்டல். கோவிந்தராஜ் சேலத்திலிருந்து மலையேறி வந்து பிழைத்து நிமிர்ந்த மனிதர். அவருடைய மகன் சதீஷுக்கும் மேனகாவுக்கும் பிடித்துப்போய், இரண்டு வீட்டையும் சம்மதிக்க வைப்பதற்குள் நமக்குப் பதினாறு வாரம் ஓடிவிட்டது. அதையெல்லாம் திரும்பச் சொன்னால் ஆசிரியர் என் பக்கத்தைக் குறைத்துவிடுவார்.

இன்று சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. நாளை காலையில் முகூர்த்தம்.

அங்கப்பனின் ஊரில் மாப்பிள்ளையைக் காரில் கொண்டுவந்து வீட்டு வாசலில் இறக்க முடியாது. ஊருக்குக் கீழே ரோட்டு வளைவில் எல்லைக்கல் இருக்கிறது. எவ்வளவு பெரிய இடத்துப் பிள்ளையானாலும் அங்கேயே இறங்கவேண்டும். மணைபோட்டு உட்காரவைத்து, பெண்ணுடைய அண்ணனோ தம்பியோ அவன் காலைக் கழுவித் துடைத்து, சந்தனம் வைத்து, மாலை போட்டுக் கையைப் பிடித்துக் கூட்டிவருவான். கால் கழுவிய பிறகுதான் மேளம். நேராகச் சமையலறை வரைக்கும் போய் மாமியார் கையால் பாலும் பழமும் சாப்பிடுகிற உரிமை அப்படி வந்தவனுக்கு மட்டும்தான். கழுவாமல் வந்தவன் விருந்தாளி. விருந்தாளிக்குப் பந்தலோடு சரி.

இதை ஏதோ பேச்சுக்குச் சொல்வதாக நினைக்கவேண்டாம். கருப்பண்ணன் வீட்டு மருமகன் ஒருவர் அவசரத்தில் குறுக்குப் பாதையில் வந்து இறங்கிவிட்டார். இரண்டு பிள்ளை பிறந்து, அவை பள்ளிக்கூடமும் போகின்றன. மனிதர் இன்றைக்கும் மாமனார் வீட்டில் வாசலோடு சாப்பிட்டுவிட்டுப் போகிறார்.

காலையில் பந்தக்காலுக்கு வாழை கட்டிக்கொண்டிருந்த அங்கப்பன், கயிற்றை இழுத்து முடிந்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"நம்ம காப்பிக்கொட்டையத்தான அவங்க ஓட்டல்ல வறுத்து அரைக்கறாங்க? அதுக்கு நம்ம கை ஆகுது. கால் கழுவுறதுக்கு மட்டும் ஆகாதாமா?"

"அந்தம்மா அப்பிடிச் சொல்லலீங்க" என்றாள் அவர் மனைவி பாவாயி. "வேண்டாம்னுதான் சொன்னாங்க."

"வேண்டாம்னா அதுக்கு என்ன அர்த்தம்?"

பாவாயிக்கும் அர்த்தம் தெரியவில்லை. டவுனில் சிலர் 'மலைக்காரங்க' என்று சொல்லும்போது குரலில் ஒரு சுழிப்பு இருக்கும். அதை இந்த வீட்டில் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். கோவிந்தராஜ் குடும்பத்திடம் அது இல்லை என்று நம்பித்தான் பெண் கொடுக்கச் சம்மதித்தார்கள்.

"கழுவ வேண்டாம்னா போவுது. பந்தல்ல நாற்காலி போட்டிருக்கறேன். விருந்தாளியா வரட்டும், தாலி கட்டட்டும், பொண்ணக் கூட்டிட்டுப் போவட்டும். இந்த ஊட்டு மருமவன்னு என் வாயால சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அங்கப்பன் அடுத்த வாழையைத் தூக்கினார்.

கோபத்தில் கத்துகிற மனிதராக இருந்தால் சமாதானம் செய்துவிடலாம். இவர் கத்தவே மாட்டார். அதுதான் சிக்கல்.

இதை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான் ஜெயபிரகாஷ். எஸ்டேட்டில் பிக்கப் ஓட்டுகிறவன், மேனகாவுக்கு அண்ணன். மாப்பிள்ளைக்குக் கால் கழுவுவதற்கென்றே சேலம் போய்ப் புதுப் பித்தளைச் செம்பு வாங்கிவந்து, புளி போட்டுத் தேய்த்து வைத்திருந்தான். தங்கை தொட்டிலில் கிடந்த நாளிலிருந்தே ஊரார் அவனிடம், 'இவ மாப்பிள்ளைக்கு நீதான்டா கால் கழுவோணும்' என்று சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். அவனுக்கு அது வேலையாகத் தெரியவில்லை. தன் பட்டமாகத் தெரிந்தது. அந்தப் பட்டத்தை யாரோ ஒரு போனில் பிடுங்கினால் சும்மா இருப்பானா?

நேராக மேனகாவின் அறைக்குப் போனான். முகமெல்லாம் மஞ்சள் பூசி உட்கார்ந்திருந்தாள். கூட இருந்த பெண்களை ஒரு பார்வையில் வெளியே அனுப்பினான்.

"எதுக்கு வேண்டாங்கறாங்க?"

"அவங்களத்தான் கேக்கோணும்" என்றாள் மேனகா, அவன் முகத்தைப் பார்க்காமல்.

"கேக்கத்தான் போறேன். எங்க கை பட்டா உங்க பையன் கால் தேஞ்சுருமானு நறுக்குனு நாலு வார்த்த கேக்கறேன்."

அவன் போனை எடுத்தான். மேனகா எழுந்துவந்து அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அண்ணா, நம்ம கை அவங்களுக்கு ஆகாம இல்ல. கழுவுறதுக்கு அவருக்கு ஒரு கால்தான் இருக்குது."

ஜெயபிரகாஷுக்கு முதலில் புரியவில்லை. அவள் மெதுவாகச் சொன்னாள். சில வருஷத்துக்கு முன்னால் குப்பனூர் ரோட்டில் மழையில் பைக் சறுக்கியது. எதிரே வந்த லாரியின் சக்கரம் சதீஷின் வலது கால் மேல் ஏறிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுக்கும்படி ஆயிற்று. இப்போது நடப்பது மாட்டிக்கொள்கிற செயற்கைக் காலில்.

ஜெயபிரகாஷ் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். சதீஷை அவன் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறான். எப்போதும் பேண்ட், எப்போதும் ஷூ. 'டவுன்காரருக்கு மண்ணுல கால் வெக்கக் கூசுது' என்று நண்பர்களிடம் கேலி செய்ததும் உண்டு. இப்போது அதை நினைக்கையில் காது சுட்டது.

"உனக்கு எப்பருந்து தெரியும்?"

"என்னைக் கட்டிக்கறயானு கேக்கறதுக்கு முந்தியே காட்டிட்டாரு. ஓட்டல்ல உக்காரவெச்சு, பேண்ட மடிச்சுக் காட்டி, இதப் பாத்துட்டுப் பதில் சொல்லுனு சொன்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"காப்பி ஆறிப்போச்சு, வேற போடுங்கனு சொன்னேன்."

ஜெயபிரகாஷுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. இந்தப் பொண்ணா இடி இடிச்சா எங்கிட்ட ஓடியாந்தது என்று நினைத்துக்கொண்டான். அவனுக்குத் தன் தங்கையை நினைத்துப் பெருமையாக இருந்தது. கோபம் மட்டும் இன்னும் முழுதாகப் போகவில்லை.

"அப்ப எதுக்கு மறைச்சாங்க?"

"அவரு மறைக்கலண்ணா. அவங்கப்பா."

வெற்றிலை மாற்றுகிற அன்று ஊர் முறைப்படி ஒரு கேள்வி உண்டு. மணவேலையை நடத்திவைக்கிற கந்தசாமி, இரண்டு தகப்பனார்களையும் சபையில் நிறுத்தி, 'புள்ளைக்குக் குத்தங்கொறை ஏதாச்சும் உண்டுங்களா?' என்று கேட்பார். அங்கப்பன் 'இல்லீங்க' என்றார். கோவிந்தராஜும் சட்டென்று 'ஒரு கொறையும் இல்லீங்க' என்று சொல்லிவிட்டார்.

"அன்னைக்கு ஊட்டுக்குப் போயி அப்பாவோட சண்டை போட்டிருக்காரு. அவங்கப்பா அழுதுட்டாராமா. இதச் சொல்லித்தான் ரெண்டு எடம் போச்சு, இதுவும் போயிட்டா நான் உசுரோட இருக்க மாட்டேன்னு சொல்லியிருக்காரு. தாலி கட்டற வரைக்கும் யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்னு என்கிட்டயும் அவங்கப்பாதான் சத்தியம் வாங்கிட்டாரு. இப்ப அத நானே ஒடைச்சுட்டேன்."

"அழுவாத. மஞ்சள் கரையுது பாரு" என்றான் ஜெயபிரகாஷ். "இப்ப உனக்கு என்ன வேணும்? அத மட்டும் சொல்லு."

மேனகா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அவரு இந்த ஊட்டுக்குள்ள வரோணும். கருப்பண்ணன் ஊட்டு மருமவனாட்டம் வாசல்ல உக்காந்து சாப்பிட்டுப் போறது வேண்டாம். ஆனா நாலு பேரு முன்னாடி அவரு கூனிக்குறுகி வரவும் வேண்டாம். ரெண்டும் வேணுமண்ணா எனக்கு."

இரண்டும் எப்படி நடக்கும் என்று ஜெயபிரகாஷுக்குத் தெரியவில்லை. ஆனால் அண்ணனாகப் பிறந்தவன் அந்த நேரத்தில் 'தெரியல' என்று சொல்லக்கூடாது.

"நான் யாருகிட்டயும் வாயத் தொறக்க மாட்டேன். செம்ப எடுத்துட்டுப் போறேன். மத்தது மாப்ள கையில இருக்குது" என்று எழுந்தான்.

மலைக்கே உரிய சாயங்காலம். சவுக்கு மரங்களுக்கு நடுவே மூடுபனி இறங்கி, வளைவில் வருகிற வண்டி கண்ணுக்குத் தெரிவதற்கு முன் அதன் விளக்குதான் தெரிந்தது. எல்லைக்கல்லுக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்திருந்தார்கள். பம்பைக்காரர்கள் தோலைத் தட்டிப் பார்த்துக்கொண்டு தயாராக நின்றார்கள். தாம்பாளம், மணை, சந்தனம், புதுத் துண்டு எல்லாம் வரிசையாக இருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் ஜெயபிரகாஷ் செம்போடு நின்றான்.

செம்பு எதற்கு என்று அங்கப்பன் கேட்கவில்லை. ஒருமுறை பார்த்தார். அவ்வளவுதான்.

பூச்சரம் கட்டிய காரும் பின்னால் இரண்டு வேனும் வந்து நின்றன. கோவிந்தராஜ்தான் முதலில் இறங்கினார். வெள்ளைச் சட்டை, கரைபோட்ட வேட்டி, கையில் தங்கக் காப்பு. ஓட்டலில் நூறு பேரை ஒரே நேரத்தில் சமாளிக்கிற மனிதர். இப்போது அங்கப்பனின் முகத்தைப் பார்க்காமல் சட்டைக்கையைச் சரிசெய்துகொண்டார்.

"வாங்க சம்பந்தி" என்று அங்கப்பன் கும்பிட்டார். "மாப்பிள்ளைய எறங்கச் சொல்லுங்க."

"ஏனுங்க, பையனுக்குக் கொஞ்சம் காச்சலுங்க. தண்ணி படக்கூடாதுனு டாக்டர் சொல்லிட்டாருங்க. அதான் கால் கழுவுறது..."

"பச்சத்தண்ணி ஆகாதுன்னா சுடுதண்ணி வெக்கச் சொல்றேனுங்க."

"சுடுதண்ணியும் ஆகாதுங்க."

"வெதுவெதுனு?"

பெண் வீட்டுக் கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அங்கப்பன் சிரிக்கவில்லை. கோவிந்தராஜ் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அந்தப் பனியிலும் அவருக்கு வேர்த்திருந்தது.

கந்தசாமி முன்னால் வந்தார். ஊர் முறையில் இம்மி பிசகினாலும் தன் பெயர் கெட்டுவிடும் என்று நினைக்கிறவர்.

"கால் கழுவாம எல்ல தாண்டுனா விருந்தாளி முறைதானுங்க. நான் ஒண்ணும் புதுசாச் சொல்லல."

"விருந்தாளியாவே வாங்க சம்பந்தி. பந்தல்ல நாற்காலி போட்டிருக்குது" என்றார் அங்கப்பன்.

மாப்பிள்ளை வீட்டு வேனிலிருந்து ஒரு குரல் எகிறியது. "மலையேறி வந்தவங்கள இப்பிடியா பேசறது? வண்டியத் திருப்புங்கப்பா!"

"திருப்புனாத் திருப்பட்டும்!" என்று இந்தப் பக்கத்திலிருந்தும் ஒருவர் குரல் கொடுத்தார்.

கல்யாண வீட்டில் சண்டை மூள்வதற்கு இவ்வளவு போதும். அமுதா காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கணவரையும் பார்த்தார், காருக்குள் இருந்த மகனையும் பார்த்தார்.

ஜெயபிரகாஷ் மணையைத் தூக்கினான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு காருக்குப் பக்கத்தில் போய், திறந்த கதவுக்கு நேராக மணையைப் போட்டான். அதற்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். புது வேட்டியில் சேறு ஒட்டியது. சதீஷுக்கு மட்டும் கேட்கும்படி பேசினான்.

"மாப்ள, மேனகா எங்கிட்டச் சொல்லிட்டா. அவ மேல கோவப்படாதீங்க. எந்தக் காலா இருந்தாலும் அதக் கழுவுறது என் பாத்தியத. எறங்கறதும் எறங்காததும் உங்க இஷ்டம். எறங்கலீனாலும் நான் தப்பா நெனைக்க மாட்டேன்."

சதீஷ் அவனையே பார்த்தான். பிறகு தள்ளி நின்ற தன் அப்பாவைப் பார்த்தான். கோவிந்தராஜ் தலையை ஆட்டினார், வேண்டாம் சாமி, வேண்டாம் என்று.

சதீஷ் காரின் மேல்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். மணையில் உட்கார்ந்தான். பட்டுவேட்டியை முழங்கால் வரை ஏற்றினான். குனிந்து இடது ஷூவையும் பிறகு வலது ஷூவையும் கழற்றினான். தோல் நிறத்தில் ஒரு பாதம் தெரிந்தது. அதற்கு மேலே உலோகக் குழாய்.

பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"மாமா" என்று சதீஷ் அங்கப்பனைக் கூப்பிட்டான். முதல்முறையாக அவரை அப்படிக் கூப்பிடுகிறான். "வெத்தல மாத்துன அன்னைக்கே இத நான் உங்ககிட்டச் சொல்லியிருக்கோணும். அப்பா சொல்லிட்டாரேனு வாய மூடிட்டு உக்காந்திருந்தேன். அது என் தப்புங்க. உங்க கையி ஆகாதுனு நாங்க வேண்டாங்கல. இதப் பாத்துட்டு நீங்க வேண்டாம்னு சொல்லிருவீங்கனு பயந்துதான் வேண்டாம்னோம்."



வீட்டில், எல்லைக்கல் பக்கமே காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் தாயும் மகளும். வண்டிச் சத்தம் கேட்டு நெடுநேரமாகிறது. மேளச் சத்தம் மட்டும் வரவில்லை.

மேனகாவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பாவாயி கேட்டு முடித்ததும் மகளின் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள்.

"பெத்தவகிட்டச் சொல்றதுக்கு உனக்கு என்னடி வந்துச்சு? நொம்பப் பெரிய மனுசியாயிட்டியோ?"

"நீ என்ன சொல்லுவியோனு..."

"என்ன சொல்லுவேன்? நாள் பூரா அடுப்படியில நின்னு ஓட்டல் நடத்தறான். குடியில்ல, சூதில்ல. உம்மேல உசுர வெச்சிருக்கறான். நான் என்னத்தச் சொல்லப் போறேன்?"

சொல்லிக்கொண்டே எழுந்து சமையலறைக்குப் போனாள். அங்கே மாப்பிள்ளைக்குப் பாலும் பழமும் கொடுக்கத் தரையில் கோலமிட்டு மணை போட்டிருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"கீழ உக்காந்து எந்திரிக்க அவுருக்கு முடியுமா கண்ணு?"

"முடியும்மா. கொஞ்சம் சிரமம்."

பாவாயி மணையை எடுத்துச் சுவரோரம் சாய்த்தாள். பந்தலுக்குப் போய், விருந்தாளிக்கென்று புருஷன் போட்டு வைத்திருந்த நாற்காலியைத் தானே தூக்கிவந்து கோலத்தின் நடுவில் போட்டாள். அதன்மேல் ஒரு பட்டுத் துண்டை விரித்தாள்.

"அம்மா, இன்னும் மேளமே அடிக்கலயே."

"அடிப்பாங்க. நீ மூஞ்சியக் கழுவு" என்றாள் பாவாயி. சொல்லிவிட்டு, அவளும் வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தாள்.

எல்லைக்கல்லில் ஜெயபிரகாஷ் தாம்பாளத்தைச் சதீஷின் காலடிக்கு நகர்த்தினான். வலது காலைத்தான் முதலில் கழுவவேண்டும் என்பது முறை. கந்தசாமி தொண்டையைச் செருமினார். கெட்ட மனிதர் இல்லை, இப்படி ஒன்றை அவர் பார்த்ததில்லை.

"கண்ணு, எடது காலு மட்டும் கழுவு, போதும். அது... அது எதுக்கு?"

ஜெயபிரகாஷ் நிமிர்ந்து பார்த்தான்.

"இந்தக் கால்லதானுங்க நின்னு இவுரு சம்பாரிக்கறாரு. இந்தக் கால்லதான் நடந்து வந்து எங்க ஊட்டுல பொண்ணு கேட்டாரு. இதக் கழுவாம வேற எதக் கழுவுறது?"

செம்பைச் சாய்க்கப் போனவனைச் சதீஷ் குனிந்து மெதுவாகத் தடுத்தான்.

"மச்சான், செம்போட ஊத்தீராதீங்க. உள்ள தண்ணி போனாக் காயறதுக்கே ரெண்டு நாளாவும். நாளைக்குத் தாலி கட்ட நான் ஒத்தக் கால்லதான் வரோணும்."

ஜெயபிரகாஷுக்கு வந்த சிரிப்பில் பாதித் தண்ணீர் தாம்பாளத்தில் கொட்டியது. சிரித்துக்கொண்டே கையில் கொஞ்சம் நீரை அள்ளினான். அந்தப் பாதத்தின் மேல் தடவினான், விரல் போல வடித்திருந்த இடுக்குகளைக்கூட விடவில்லை. புதுத் துண்டால் ஒற்றினான். சந்தனம் வைத்தான், குங்குமம் வைத்தான். பிறகு இடது காலுக்குத் தாராளமாகச் செம்பைக் கவிழ்த்தான். இதுவரை எத்தனையோ மாப்பிள்ளைகளுக்கு அந்தக் கல்லின் பக்கத்தில் கால் கழுவியிருக்கிறார்கள். இவ்வளவு பொறுமையாக யாரும் கழுவி நாகலூர்க்காரர்கள் பார்த்ததில்லை. பெண்கள் சிலர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

மேளம் அடிக்கப் பெண்ணைப் பெற்றவர் கை காட்டவேண்டும். பம்பைக்காரர்கள் அங்கப்பனைப் பார்த்தார்கள்.

கந்தசாமி அவர் பக்கத்தில் வந்தார். "அங்கப்பா, கால்ல கொறை இருக்கறது பெருசில்ல. சபையில கேட்டதுக்கு அந்த மனுசன் கொறை இல்லீனு சொன்னாரே. அது பொய்யாச்சே? ஊருக்கு என்ன பதில் சொல்லுவ?"

எல்லோரும் கேட்க நினைத்த கேள்விதான் அது. அங்கப்பன் மணையில் உட்கார்ந்திருந்த பையனைப் பார்த்தார். வேட்டியை இறக்கி மறைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தான். தலை நிமிர்ந்திருந்தது. காலடியில் சேற்றுவேட்டியோடு தன் மகன்.

காலையிலிருந்து மனசில் கட்டிவைத்திருந்ததெல்லாம் அங்கப்பனுக்கு அப்போது அவிழ்ந்தது. பெருமை என்றால் அப்படியொரு பெருமை. மகனை நினைத்தா, மருமகனை நினைத்தா, இப்படிப்பட்ட ஒருவனைத் தேர்ந்தெடுத்த மகளை நினைத்தா என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது.

"பொய்யா?" என்றார் எல்லோருக்கும் கேட்கும்படி. "நல்லாப் பாத்துச் சொல்லுங்க சித்தப்பா. இத்தன பேரு முன்னால உக்காந்து உள்ளதச் சொன்னானே, இந்தப் பையன்கிட்ட கொறை எங்க இருக்குது? எங்க சம்பந்தி அன்னைக்குச் சொன்னது நெசந்தான். அடிங்கடா மேளத்த!"

பம்பை அதிர்ந்தது. அந்த அதிர்வில் மரத்துப் பறவைகள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பின. ஜெயபிரகாஷ் மாலையைப் போட்டு, மாப்பிள்ளையின் கையைப் பிடித்து எழுப்பினான். சதீஷ் வலது காலை எடுத்து எல்லைக்கல்லைத் தாண்டி வைத்தான். பெண்கள் குலவையிட்டார்கள். சற்றுமுன் வண்டியைத் திருப்பச் சொன்ன மாப்பிள்ளை வீட்டுக்காரரே முதல் ஆளாக மேளத்துக்கு முன்னால் ஆடப் போய்விட்டார்.

அடுத்தது சம்பந்தி மரியாதை. இரண்டு தகப்பனார்களும் எல்லைக்கல்லுக்கு உள்ளே நின்று மாலை மாற்றிக் கட்டிக்கொள்ளவேண்டும். அங்கப்பன் சாமந்தி மாலையைக் கையில் வாங்கிக்கொண்டு திரும்பினார்.

கோவிந்தராஜ் நின்ற இடத்தில் அவர் இல்லை.

காரில் இல்லை. வேனிலும் இல்லை. சதீஷின் தங்கை சௌமியா பின்பக்கமெல்லாம் தேடிவிட்டு ஓடிவந்தாள்.

"அம்மா, அப்பாவக் காணோம். அண்ணன் ஷூவைக் கழட்டறப்பவே கீழாப்பல நடந்து போனாருன்னு டிரைவர் சொல்றாரு. போன் கார்லயே கெடக்குது."

அமுதாவின் முகம் வெளுத்துவிட்டது. அங்கப்பனிடம் வந்து கைகூப்பினார்.

"அண்ணா, நீங்க சொன்னது எதையும் அவரு கேக்கலீங்க, மேளம் அடிச்சா என்ன அர்த்தம்னும் அவருக்குத் தெரியாதுங்க. கல்யாணம் நின்னுபோச்சுனு நெனைச்சுட்டுப் போறாருங்க. பையனுக்கு அடிபட்டதுல இருந்தே அவரு பழைய மனுசனா இல்ல. அன்னைக்கு அந்த பைக்க ஓட்டிட்டுப் போனது அவருதானுங்க. சதீஷ் பின்னால உக்காந்திருந்தான்."

இது மேனகாவுக்கும் தெரியாத சங்கதி. ஜெயபிரகாஷ் சதீஷைப் பார்த்தான். சதீஷ் தலையைக் குனிந்துகொண்டான், இவ்வளவு நேரமும் குனியாத தலை.

அங்கப்பன் மாலையோடு எல்லைக்கல்லைத் தாண்டினார்.

"அங்கப்பா!" கந்தசாமி பதறினார். "பொண்ணப் பெத்தவன் எல்ல தாண்டிப் போயி மாலை போடற வழக்கம் நம்மள்ல இல்ல."

"அவர இங்க கூட்டியாந்துதான் மாலைய போடுவேனுங்க. அது வரைக்கும் கையில எடுத்துட்டுப் போறேன். மாப்பிள்ளைய ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, பாவாயி காத்துட்டிருப்பா."

"அப்பா, நான் பிக்கப்ப எடுக்கறேன்" என்றான் ஜெயபிரகாஷ்.

"நீ மாப்பிள்ள கைய விடக்கூடாது. அதான் முறை" என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார்.

அதே நேரத்தில் கீழ் வளைவில் ஹாரன் கேட்டது. ஏற்காடு போகிற பஸ். பனிக்குள் அதன் விளக்கு தெரிந்தது. ரோட்டோரத்தில் ஒரு வெள்ளைச் சட்டை கை காட்டி அதை நிறுத்திக்கொண்டிருந்தது.

"சம்பந்தி!" என்று அங்கப்பன் கூப்பிட்டார். மேளச் சத்தத்தில் அது அவருக்கே கேட்கவில்லை. பஸ் நின்றது.

நாகலூர் மொத்தமும், ஓட்டல்காரர் சொந்தபந்தம் மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு கையில் மாலையையும் மறு கையில் வேட்டி நுனியையும் பிடித்துக்கொண்டு அங்கப்பன் இறக்கத்தில் ஓட ஆரம்பித்தார்.